ஏழாம் மாதத்தில் கன்று வீசிய பசுவுக்கு அடுத்த சினை ஊசி எப்போது?

இப்போதைக்கு ஊசி வேண்டாம். முதலில் ரத்தப் பரிசோதனை.

பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய மாடு, ஏழாம் மாதம் கன்று வீச்சு (கருச்சிதைவு), நஞ்சுக்கொடியும் விழவில்லை என்கிறீர்கள். புருசெல்லோசிஸ் என்ற, கன்று வீச வைக்கும் பாக்டீரியா நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். லெப்டோஸ்பைரா என்ற இன்னொரு பாக்டீரியா போன்ற வேறு காரணங்களும் உண்டு. கொழிஞ்சாம்பாறை கால்நடை மருத்துவரிடம் பரிசோதனைக்கு ரத்தச் சீரம் (ரத்தத்தில் பிரியும் தெளிந்த நீர்) எடுக்கச் சொல்லுங்கள். வீசிய உடனே பார்த்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அதுவரை தனியாகக் கட்டுங்கள், காளைக்கும் விடாதீர்கள்.

புருசெல்லோசிஸ் மனிதருக்கும் தொற்றும். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடவே கூடாது. சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். பாலை நன்றாகக் கொதிக்க வையுங்கள். வீட்டில் யாருக்காவது விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டு வலி இருந்தால் மருத்துவரிடம் மாட்டு விஷயத்தையும் அவசியம் சொல்லுங்கள்.

அப்புறம், புருசெல்லோசிஸ் தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குத்தான். சினை மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள்.