கடன் யாருக்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் 27 ஆண்டுகள் ஆலோசக ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பழைய முடிவுகளை நினைத்துத் தன்மேலேயே கோபம் கொண்டு உறக்கம் தொலைத்தவர்கள் எழுதிக் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. உங்களையே திட்டுவதை விட்டு, யாருக்கு என்ன செய்யக் கடன்பட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

கேள்வி: டீச்சர், கோவிட் காலத்தில் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தை நண்பர் சொன்ன திட்டத்தில் போட்டு எல்லாவற்றையும் இழந்தேன். "அப்போதே தெரிந்ததுதானே, முட்டாளே" என்று தினமும் என்னையே திட்டிக்கொள்கிறேன். (லாரி ஓட்டுநர், 43)

பதில்: தம்பி, அப்போதே தெரிந்ததா, உண்மையாகவா? 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா போவதற்கு முன், என்னென்ன நடக்கும் என்று மாணவர்களைக் கணிக்கச் சொன்னார் பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர். பயணம் முடிந்ததும், முன்பு என்ன கணித்தீர்கள் என்று கேட்டார். நடந்துவிட்டவற்றை முன்பே எதிர்பார்த்ததாகப் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டார்கள். முன்பு அவர்கள் தந்த கணிப்பு வேறாக இருந்தது. உங்கள் நினைவும் இதே வேலையைத்தான் செய்கிறது.

அன்றைக்குத் தெரிந்ததை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். லாரி ஓடவில்லை, வாடகை பாக்கி, நண்பருக்கு முதல் மாதம் பணம் வந்தது என்று இருந்தது இருந்தபடி. அதைப் படித்த பிறகும் அதே வசை வாயில் வருகிறதா பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் மனைவியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவரிடம் சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் உங்கள் கடன் அங்கேதான் இருக்கிறது. இந்த வாரமே சொல்லுங்கள். போலீசில் புகார் கொடுக்காவிட்டால் அதையும் கொடுங்கள்.

கேள்வி: ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். அரசுத் தேர்வை அக்கறையில்லாமல் எழுதிக் கெடுத்துக்கொண்டேன். என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே பிடிக்கவில்லை. (19)

பதில்: தனியார் தேர்வாளராக மறுபடியும் எழுதலாம், அம்மா. முதலில் மலாய் பாடத்தைப் பாருங்கள். அதிலும் வரலாற்றிலும் தேறினால்தான் சான்றிதழ்.

கேள்வி: கோபத்தில் "இனி என் வீட்டுக்கு வராதே" என்று அம்மாவிடம் சொன்னேன். நான்கே மாதத்தில் இறந்துவிட்டார். இரவில் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறேன். (34)

பதில்: முதலில் உங்கள் உடம்பு. தலையை மோதிக்கொள்ளும் அளவுக்குப் போனால் தனியாக இருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணையோ, மனம் தளர்ந்தவர்களின் பேச்சைக் கேட்டு உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணையோ அழையுங்கள். அரசாங்க கிளினிக்கில் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்திருந்தால் அதையும் சொல்லலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது.

இனி, அம்மாவிடம் தீர்க்க முடியாமல் போன கடன். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடிப்பதற்குள் ஒருமுறை அழைத்துப் போ என்று ஒரு தீபாவளியன்று கேட்டார். அடுத்த பள்ளி விடுமுறையில் போவோம் என்றேன். அதற்குள் இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். அப்பாவும் போய்விட்டார். வெகுகாலம் என்னை நானே வெறுத்தேன். பிறகு, அவரோடு பக்கத்து நிரையில் வெட்டிய பெரியவரைக் காரில் ஏற்றி அங்கே கூட்டிப்போனேன். செம்பனைக்கு நடுவே பாசி பிடித்த கிணற்றுச் சுவர் மட்டும் நின்றது. பெரியவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்கேதான் உன் அப்பன் மங்குக் கிண்ணம் கழுவுவான்" என்றார். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

உங்கள் அம்மாவுக்கு ஒரு தங்கையோ, பக்கத்து வீட்டுத் தோழியோ இருப்பார். அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: குடியுரிமைக்கு மனுப் போடலாம் என்று என் கணவர் சொன்னார். ஊருக்கே திரும்பிவிடுவோம் என்று நான்தான் தடுத்தேன். கடைசியில் திரும்பவும் இல்லை. இன்றும் நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டைதான். ஓட்டுப் போட முடியாது. எல்லாம் என் புத்தி. (80, மகள் எழுதியது)

பதில்: அம்மா, 1969-இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்தியாவுக்குக் கிளம்பின. அக்கம்பக்கத்தார் டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரஜூலா கப்பல் ஏறப் பினாங்குக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த இளம்பெண், நாமும் போய்விடுவோம் என்று நினைத்ததில் என்ன புத்திக்கேடு? அந்தப் பெண்ணை நீங்கள் இன்னும் திட்டுவது எனக்குத் தாங்கவில்லை. அவளிடம் யாருக்கும் பாக்கி இல்லை.

மகளுக்கு ஒரு வார்த்தை. அம்மாவைத் தேசியப் பதிவிலாகாவுக்கு அழைத்துப் போய் மறுபடியும் விசாரியுங்கள். மனு ஏற்கப்படும் என்று நான் வாக்குத் தர முடியாது. போதிய மலாய் தெரிந்திருக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. போவதற்கு முன் சில நாள் அம்மாவோடு வீட்டில் மலாயில் பேசிப் பழகுங்கள்.