பழைய போர்ட்டர் வேகனர் ஷோவில் டாலி பார்ட்டனுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர் யார்? இசைத்தட்டில் வாசித்ததும் அவர்தானா?

நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் டான் வார்டன். போர்ட்டர் வேகனர் என்ற பாடகர் நடத்திய அமெரிக்க கன்ட்ரி இசைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி அது. பாடகி டாலி பார்ட்டன் அதில் இருந்தது 1967 முதல் 1974 வரை. அந்த வருடங்களின் காட்சி என்றால், போர்ட்டர் வேகனரின் சொந்தக் குழுவான வேகன்மாஸ்டர்ஸில் ஸ்டீல் கிட்டாருக்குப் பின்னால் இருப்பவர் அவர்தான். இசைத்தட்டில் வாசித்ததும் அவரா என்றால், பெரும்பாலும் இல்லை. இந்த இரண்டாவது கேள்விதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

நீங்கள் எப்படி இங்கே வந்து சேர்ந்திருப்பீர்கள் என்று தெரியும். ராத்திரி ஏதோ ஒரு பழைய காணொளி ஓடியிருக்கும். பாட்டுக்கு நடுவே அழுவதுபோல் ஒரு கம்பி ஓசை வந்திருக்கும். கேமரா இரண்டு விநாடி அந்த ஆளைக் காட்டிவிட்டுப் பாடகியிடம் திரும்பியிருக்கும். கீழே போய்ப் பார்த்தால் நாலு பேர் நாலு பெயர் எழுதியிருப்பார்கள். அதில் மூன்று பெயர் மிகப் பெரிய பெயராக இருக்கும். பாடும் பெண்ணின் பெயர் எல்லாருக்கும் தெரியும், அந்த ஓசையைத் தந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

இந்த வாத்தியத்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நம் கோட்டுவாத்தியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மெட்டு இல்லாத தந்திகளின் மேல் ஒரு கட்டையை வழுக்கி வாசிப்பது. இங்கே கட்டைக்குப் பதில் இடது கையில் உருண்டையான இரும்புத் தண்டு. வாத்தியம் நாலு கால் வைத்த மேஜைபோல் நிற்கும். அதற்கும் மேலே ஒரு வேலை இருக்கிறது. தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இடது காலால் பெடலை மிதித்தால் குறிப்பிட்ட தந்திகள் மட்டும் இறுகிச் சுருதி ஏறும், மற்றவை அப்படியே நிற்கும். நீங்கள் கேட்ட அந்த அழுகை அங்கேதான் பிறக்கிறது. 1953 கடைசியில் பாடகர் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டுக்கு பட் ஐசக்ஸ் இதைச் செய்தார். அடுத்த வருடம் அந்தப் பாட்டு முதலிடத்துக்குப் போனதும் அமெரிக்காவின் ஸ்டீல் வாசிப்பவர்கள் எல்லாரும் தங்கள் வாத்தியத்துக்குப் பெடல் மாட்ட ஓடினார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் 2004-ல் வேலைக்காக டென்னசி வந்தவன். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன ஊர். எதிர்வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். 2011-ல் அவருக்கு இடுப்பு அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு மளிகை வாங்கித் தருவது, குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வைப்பது என்று நானும் என் மனைவியும் கூடமாட உதவிக்கொண்டிருந்தோம். அவரிடம் பெட்டி பெட்டியாக வி.எச்.எஸ். கேசட்டுகள் இருந்தன. மறு ஒளிபரப்பு வந்தபோதெல்லாம் பதிவு செய்து வைத்தவை. அவற்றைக் கணினிக்கு மாற்றித் தருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். அப்போது எனக்கு இந்த இசையில் பைத்தியம் முற்றியிருந்தது.

ஒரு நாள், இணையத்தில் நான் பெயர் கண்டுபிடித்து எழுதிய ஒரு காணொளியை அவருக்குப் போட்டுக் காட்டினேன். 60களின் நடுவில் வந்த ஒரு நிகழ்ச்சி, ஒரு பாடகி, பின்னால் ஒரு ஸ்டீல் வாசிப்பவர். அந்தப் பாட்டின் இசைத்தட்டில் வாசித்தவர் நாஷ்வில் ஸ்டுடியோக்களில் பெயர் பெற்ற ஒரு மேதை. ஆகவே திரையில் இருப்பவரும் அவரே என்று எழுதியிருந்தேன். நாற்பது பேருக்கு மேல் ஆமோதித்திருந்தார்கள்.

பெரியவர் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாவது முறை, அந்த ஆள் முகம் வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். அப்புறம், அது என் அண்ணன் என்றார்.

எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. அண்ணன் ஒரு பாடகருடைய பயணக் குழுவில் ஏழெட்டு வருடம் வாசித்தவராம். பஸ்ஸில் ஊர் ஊராகப் போவது, வழியில் தொலைக்காட்சி வந்தால் அதிலும் வாசிப்பது. இசைத்தட்டில் ஒருமுறைகூட வாசித்ததில்லை. அங்கே அதுதான் வழக்கம். ரெக்கார்டிங்குக்கு ஸ்டுடியோவுக்கென்றே இருந்த ஆட்களைக் கூப்பிடுவார்கள். மூன்று மணி நேர செஷனில் மூன்று நாலு பாட்டை முடித்தாக வேண்டும், அதற்கு அவர்கள் பழகியவர்கள். டாமி வைனட்டின் 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' இசைத்தட்டில் கேட்பது பீட் டிரேக். கானி ஸ்மித்தின் 'ஒன்ஸ் எ டே' என்றால் வெல்டன் மைரிக். லோரெட்டா லின்னின் பல இசைத்தட்டுகளில் ஹால் ரக். இந்தப் பாடகிகள் மூவரின் பாட்டுகளைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது பின்னால் இருப்பவர் வேறு ஒருவராக இருக்கலாம். அந்த மேதைகளைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர்கள் வாசிப்புக்கு நான் அடிமை. அவர்களுக்குச் சேர வேண்டிய பெயர் அவர்களுக்குச் சேர்ந்துவிட்டது, நான் பேசுவது மற்றவர்களைப் பற்றி.

வயதான மனிதர், அண்ணன் மேல் பாசம், மங்கிய படம், இதை எப்படி நம்பினாய் என்று கேட்பீர்கள். நியாயம்தான். நானும் அன்று ராத்திரி அதையேதான் யோசித்தேன். அதனால் சரிபார்த்தேன். எப்படி என்று சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

முதல் வேலை, படம் திருப்பிப் போடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. காப்புரிமைத் தொல்லையைத் தவிர்க்கச் சிலர் இடவலம் மாற்றி ஏற்றுவார்கள். தண்டு எப்போதும் வாசிப்பவரின் இடது கையில்தான். எதிரேயிருந்து பார்க்கும்போது முறுக்காணிப் பக்கம் திரையின் வலப்பக்கம் வர வேண்டும். மாறி வந்தால் இடதுகைக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், சட்டைப் பொத்தானையும் பின்திரை எழுத்தையும் பாருங்கள்.

அடுத்து, கேட்பது மேடையில் வாசித்ததா, இசைத்தட்டை ஓடவிட்டு வாயசைத்ததா? கடைசியில் பாட்டு மெல்ல மெல்லத் தேய்ந்து மறைந்தால் இசைத்தட்டு. எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவில் வந்து நின்றால் மேடை. இது தப்பாத அடையாளம் என்று சொல்ல மாட்டேன். அதனால் இசைத்தட்டையும் காணொளியையும் அடுத்தடுத்துப் போட்டு, தொடக்க இசையை நோட்டு நோட்டாக ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது வாத்தியம். ஷோ-பட் கம்பெனி வாத்தியங்களில் சீட்டுக்கட்டின் இஸ்பேடு, ஆட்டீன் உருவங்களை மெட்டுக் குறிகளாகப் பதித்திருப்பார்கள். எம்மன்ஸ் என்றால் முகப்புப் பலகையில் பெயர் பளபளக்கும். இரண்டுக்கும் பின்னால் ஒரே மனிதர் உண்டு. பட்டி எம்மன்ஸ் முதலில் ஷாட் ஜாக்சனோடு சேர்ந்து ஷோ-பட்டைத் தொடங்கினார், பிறகு 60களில் பிரிந்துபோய்த் தன் பெயரிலேயே இன்னொன்று தொடங்கினார். ஆகவே எம்மன்ஸ் எழுத்துள்ள காட்சி 50களினது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நாலாவதுதான் எனக்கு வழி காட்டியது. கால். இ9 என்ற சுருதியமைப்பில் மூன்று முக்கியப் பெடல்கள், ஏ, பி, சி என்பார்கள். ஏ மிதித்தால் ஐந்தாம், பத்தாம் தந்திகள் பி என்ற சுரத்திலிருந்து சி ஷார்ப் என்ற சுரத்துக்கு ஏறும். பி மிதித்தால் மூன்றும் ஆறும் ஜி ஷார்ப் சுரத்திலிருந்து ஏ சுரத்துக்கு ஏறும். எம்மன்ஸ் முறையில் இவை இடமிருந்து வலமாக ஏ, பி, சி. ஜிம்மி டே என்ற இன்னொரு ஸ்டீல் கலைஞரின் முறையில் அப்படியே தலைகீழ், சி, பி, ஏ. ஏ, பி இரண்டையும் ஒரே பாதத்தால் மிதித்துவிட்டு ஏ-யை மட்டும் விட வேண்டுமென்றால், எம்மன்ஸ் முறைக்காரரின் பாதம் வலப்பக்கம் சாயும், டே முறைக்காரரின் பாதம் இடப்பக்கம் சாயும். காதில் கேட்பது ஒன்றேதான், கண்ணுக்குத்தான் வித்தியாசம்.

அந்தக் காணொளியில் பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு காட்சி, நாலு விநாடி. இடது கால் முழுசாகத் தெரிகிறது. பாதம் இடப்பக்கம் சாய்கிறது. அண்ணனுடைய வாத்தியம் பெரியவர் வீட்டுக் கார் ஷெட்டில் கம்பளியால் சுற்றி வைத்திருந்தது. இரண்டு பேருமாகப் பிரித்தோம். ஒவ்வொரு பெடலையும் நான் அழுத்த, எந்தக் கம்பி இழுக்கிறது என்று அவர் கீழே குனிய முடியாமல் டார்ச் அடித்துக் காட்டினார். சி, பி, ஏ.

டே முறையில் வாசித்தவர்கள் ஆயிரம் பேர், இது ஒரு சான்றா என்று நிபுணர்கள் கேட்கலாம். இது மட்டும் போதாதுதான். அதே குழுவின் இரண்டு புகைப்படங்கள், அதே சட்டை, பின்னால் தேதி, பெட்டியில் இருந்தன. முகம், கால், சட்டை மூன்றும் ஒன்று சொல்லும்போது ஏற்காமல் என்ன செய்வது.

முகத்தைவிடப் பெரியதாக எனக்குப் பட்டது இன்னொன்று. அந்த நிகழ்ச்சியில் எல்லாரும் இசைத்தட்டுக்கு வாயசைத்தார்கள், அண்ணனும் கையை மட்டும்தான் ஆட்டினார் என்றே பெரியவர் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். நான் இரண்டையும் ஒப்பிட்டேன். இசைத்தட்டில் தொடக்க இசை நாலு தாளச் சுற்று, காணொளியில் இரண்டே சுற்று, சொற்றொடரே வேறு. நடுவில் வரும் தனி வாசிப்பும் வேறு. மேடையில் வாசித்ததுதான். அப்படியென்றால் காணொளியில் ஸ்டீல் ஒலிக்கும் அந்தப் பதினொரு விநாடி அவர் அண்ணனுடைய ஓசை. இசைத்தட்டில் பதிவாகாத ஒரு மனிதனின் வாசிப்பு இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்த அளவுதான். இதைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

எனக்கு ஏன் இது இவ்வளவு உறுத்துகிறது என்றால், திருச்சியில் என் சித்தப்பா ஒரு மெல்லிசைக் குழுவில் ஹவாயன் கிட்டார் வாசித்தார். பெடல் ஸ்டீலுக்கு அதுதான் மூதாதை. கல்யாணக் கச்சேரி, கோயில் திருவிழா என்று இருபது வருடம். ஒருமுறை தொலைக்காட்சியில் அரை மணி நேரம் வந்தார்கள். தெருவே எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தது. பாடியவர்கள் பெயர் போட்டார்கள், நிகழ்ச்சியைத் தயாரித்தவர் பெயர் போட்டார்கள், வாசித்தவர்கள் ஒன்பது பேரில் ஒருவர் பெயரும் இல்லை. சித்தி அடுப்படிக்குப் போய்விட்டாள். கர்நாடகக் கச்சேரி நோட்டீஸில் பக்கவாத்தியக்காரர் பெயரை அச்சடிக்கிறோம், கடம் உட்பட. சினிமாப் பாட்டுக்கும் மெல்லிசைக்கும் வந்தால் மட்டும் வாசித்தவன் கை தெரிகிறது, பெயர் காணாமல் போகிறது. பாட்டுக் கேசட் அட்டையில் கம்பெனி விளம்பரத்துக்கு இடம் இருந்தது, புல்லாங்குழல் யார் என்று ஒரு வரி போட இடம் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் போகிறேன் என்று தெரிகிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த விஷயத்தில் கன்ட்ரி பாடகர் எர்னஸ்ட் டப்புக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். தனி வாசிப்பு தொடங்கும் இடத்தில் பாட்டுக்கு நடுவிலேயே வாசிப்பவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பில்லி பேர்ட், லியோன் ரோட்ஸ் எல்லாரையும் இசைத்தட்டிலேயே அப்படி அழைத்திருக்கிறார். 60களின் நடுவில் அவருக்கென்றே தொலைக்காட்சி நிகழ்ச்சி வந்தபோது ஸ்டீல் வாசித்தவர் பட்டி சார்ல்ட்டன். அந்தக் காட்சிகளைப் பார்ப்பவர் யாரும் உங்களைப்போல் வந்து கேட்க வேண்டியதில்லை.

உங்கள் காட்சிக்குத் திரும்புகிறேன். போர்ட்டர் நிகழ்ச்சியில் ஒரு சிக்கல் உண்டு. பக் டிரென்ட் வாசித்த மின்சார பாஞ்சோவை ஷாட் ஜாக்சன் ஸ்டீல் கிட்டாரின் அமைப்பை ஒட்டிச் செய்து கொடுத்தார். அதன் ஓசை சில இடங்களில் ஸ்டீல் மாதிரியே வளையும். வார்டன் கை அசையாமல் இருக்கும்போது அந்த ஓசை வந்தால் குழம்ப வேண்டாம், பக் டிரென்டைத் தேடுங்கள். பிடிலோடு துள்ளிக் குதிப்பவர் மேக் மகாஹா. கட்டம் போட்ட கோட்டில் கோமாளி வேடத்தோடு இருப்பவர் ஸ்பெக் ரோட்ஸ். இவர்கள் மூவரும் தெரிந்தால் காலமும் குழுவும் உறுதி.

டான் வார்டன் மிசூரி மாநிலத்துக்காரர். போர்ட்டர் அங்கே வானொலியில் பாடிக்கொண்டிருந்த 50களிலிருந்தே கூட இருந்தவர். 1974-ல் டாலி விலகியபோது அவரும் டாலியோடு போய்ப் பல பத்தாண்டுகள் அவருடைய மேலாளராக இருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர் என்ற பொருளில் டாலி அவருக்கு மிஸ்டர் எவ்ரிதிங் என்று பெயர் வைத்திருந்தார். 2017-ல் இறந்தார்.

நான் அந்தப் பழைய காணொளிக்குக் கீழே என் தவறைத் திருத்தி, பெரியவரின் சம்மதத்தோடு அவர் அண்ணன் பெயரை எழுதினேன். என் முதல் பதிலுக்குக் கிடைத்த ஆமோதிப்பில் பாதிகூட அதற்கு வரவில்லை, இன்னும் சிலர் அந்த மேதையின் பெயரையே எழுதுகிறார்கள். ஒவ்வொரு முறையும் போய்த் திருத்துகிறேன். நீங்கள் பார்த்த காணொளியின் சுட்டியை இங்கே போடுங்கள். கால் தெரியும் இடம் எந்த நிமிடத்தில் வருகிறது என்றும் எழுதினால் நல்லது, இந்த வாரக் கடைசியில் உட்கார்ந்து பார்க்கிறேன்.