பாஸ்வேர்டு மேனேஜர் தரும் பாஸ்வேர்டில் கை வைக்கலாமா?

பாஸ்வேர்டுகளை உருவாக்கிச் சேமித்து வைக்கும் செயலிதான் பாஸ்வேர்டு மேனேஜர். பிரவுசரோடு சேர்ந்துகொள்ளும் அதன் துணைக்கருவியான எக்ஸ்டென்ஷன் தானாகவே ஒரு பாஸ்வேர்டை நீட்டும், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். ‘அப்படியே’ என்ற அந்த ஒரு சொல்லுக்குத்தான் இத்தனை கடிதங்கள். சரி, என் தவறுதான்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் தந்த பாஸ்வேர்டை ஒரு தளம் ஏற்க மறுத்தது. ‘அனுமதிக்கப்படாத குறி உள்ளது’ என்றதே தவிர, எந்தக் குறி என்று சொல்லவில்லை. நானே குறிகளை அழித்துவிட்டு, கடைசியில் பிறந்த வருடத்தைச் சேர்த்தேன். ஏற்றுக்கொண்டது. நான் செய்தது சரியா?

குறிகளை எடுத்தது சரி. வருடத்தைச் சேர்த்ததால் இந்த முறை கெடுதல் இல்லை, மற்ற எழுத்துகள் கன்னாபின்னாவென்று வந்தவை என்பதால். ஆனால் இது பழக்கமாகிவிட்டால், எட்டே எழுத்து ஏற்கும் தளத்தில் பாதி இடத்தை உங்கள் பிறந்த வருடம் பிடித்துக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்கத் திருடன் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை.

கையால் திருத்துவதை விட, விதியை மாற்றிப் புதிதாக ஒன்றை வாங்குங்கள். பெட்டிக்குக் கீழே எட்டிப்பார்க்கும் பரிந்துரையை அழுத்தாமல், எக்ஸ்டென்ஷனின் ஐகானைத் திறந்து, பாஸ்வேர்டை உருவாக்கித் தரும் ஜெனரேட்டர் பகுதிக்குப் போனால் எல்லாம் அங்கே இருக்கும். பிட்வார்டன் என்ற மேனேஜரில் நீளத்தை 5 முதல் 128 வரை வைக்கலாம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிக் உண்டு. குறி என்றால் அதில் !@#$%^&* என்ற எட்டு மட்டும்தான். குறி வேண்டாம் என்றால் அந்த டிக்கை எடுத்துவிட்டு, நீளத்தில் ஒன்றைக் கூட்டுங்கள்.

ஒன்று போதுமா? போதும். குறிகளோடு சேர்த்து 70 விதமான எழுத்து, 14 இடம் என்பது ஒரு கணக்கு. குறி இல்லாமல் 62 விதமான எழுத்து, 15 இடம் என்பது இன்னொன்று. போட்டுப் பாருங்கள், இரண்டாவதில் சாத்தியங்கள் ஏறத்தாழ 11 மடங்கு அதிகம். குறி போனதே என்று வருந்துகிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுகிற கணக்கு இது.

குறி, எண், பெரிய எழுத்து எல்லாம் கட்டாயம் என்ற பிடிவாதம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் நிஸ்ட் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டியிலிருந்துதான் பெரும்பாலும் பரவியது. அதை எழுதிய பில் பர், 2017-ல் அதற்காக வருந்துவதாகச் சொன்னார். அதே ஆண்டு நிஸ்டும் அந்த அறிவுரையைக் கைவிட்டு, குறைந்தது 64 எழுத்து வரை தளங்கள் ஏற்க வேண்டும் என்றது. அந்தச் செய்தி பல தளங்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

இன்னொன்று. ஜெனரேட்டரில் நீங்கள் கடைசியாக வைத்த அளவு அப்படியே நிற்கும். பழைய தளம் ஒன்றுக்காக நான் நீளத்தை 8 ஆக்கிவிட்டு, மறுபடி ஏற்ற மறந்துபோனேன். அதன் பிறகு திறந்த கணக்குகளெல்லாம் எட்டெழுத்துக் கணக்குகளாகின. தற்செயலாக ஒன்றைப் பார்த்துத் திகைத்து, அத்தனையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றினேன். வேலை முடிந்த கையோடு நீளத்தைப் பழைய அளவுக்கே திருப்பி வையுங்கள்.

கேள்வி: நீளம் நல்லது என்றீர்களே என்று 20 எழுத்தில் வாங்கி ஒட்டினேன். தளம் ஏற்றுக்கொண்டது, மேனேஜரும் சேமித்துக்கொண்டது. மறுநாள் அதே பாஸ்வேர்டு தவறு என்கிறது!

உங்கள் மீதும் தவறில்லை, மேனேஜர் மீதும் தவறில்லை. பதிவுப் படிவத்தின் பெட்டிக்கு அதிகபட்ச நீளம் என்று ஒன்றை நிர்ணயித்திருப்பார்கள். அது 16 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒட்டிய 20-இல் கடைசி நாலும் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டிருக்கும். திரையில் தெரிவது வெறும் கறுப்புப் புள்ளிகள், அதை யார் எண்ணுகிறார்கள்? மேனேஜரிடம் 20-உம் இருக்கிறது. உள்ளே நுழையும் பக்கத்தில் அந்த எல்லையை வைக்க மறந்திருந்தால் 20-உம் முழுதாகப் போய், பொருந்தாமல் திரும்பி வரும்.

எனக்கும் இது நடந்தது. மூன்று முறை ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ போட்டு, மூன்று முறையும் புதிதாக 20 எழுத்து வாங்கி, மூன்று முறையும் அதே இடத்தில் மாட்டினேன். நாலாவது முறைதான் புள்ளிகளை எண்ணினேன். பதினாறு.

நீங்களும் முதல் 16 எழுத்தை மட்டும் தட்டிப் பாருங்கள், அப்புறம் 15, 12. ஆனால் ஒரேயடியாக முயன்று கணக்கைப் பூட்டிக்கொள்ள வேண்டாம். உள்ளே போய்விட்டால் மேனேஜரில் உள்ள பதிவையும் அந்த நீளத்துக்குத் திருத்திவிடுங்கள். இனிமேல் புதுக் கணக்கு திறந்ததும் ஒருமுறை வெளியே வந்து மறுபடி நுழைந்து பார்ப்பது நல்லது.

கேள்வி: டிவியில் ரிமோட்டை வைத்து பாஸ்வேர்டு தட்ட வேண்டியிருக்கிறது. பெரிய எழுத்துக்கு ஒரு பட்டன், குறிக்கு ஒரு பக்கம். அழுகையே வருகிறது.

அந்தக் கணக்குக்கு மட்டும் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, சின்ன எழுத்து மட்டும் வைத்து 20 எழுத்து வாங்குங்கள். எல்லாம் கலந்த 14 எழுத்தை விட அதற்கு 290 மடங்குக்கும் மேல் சாத்தியங்கள் அதிகம். பக்கம் மாற்றவே வேண்டாம். பெரிய எழுத்தும் எண்ணும் கலக்க வேண்டி வந்தால், ‘குழப்பும் எழுத்துகளைத் தவிர்’ என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். சின்ன எல், பெரிய ஐ, ஒன்று ஆகிய மூன்றும் டிவி திரையில் ஒரே குச்சிதான்.

சொற்களாகத் தரும் பாஸ்ஃபிரேஸ் ஆகாதா என்று அடுத்து கேட்பீர்கள். 7,776 சொற்களுள்ள பட்டியலிலிருந்து ஆறு சொல் எடுத்தால் பலமானதுதான். ஆனால் அது பெரும்பாலும் 40 எழுத்தைத் தாண்டும், ரிமோட்டில் விரல் தேய்ந்துவிடும். மனதில் வைக்கவும் போனில் இன்னொருவருக்குச் சொல்லவும்தான் அது. மேனேஜரின் தலைமைப் பாஸ்வேர்டுக்கு நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

கேள்வி: நான் ஆப்பிள் சாதனத்தில் சஃபாரிதான். தனி மேனேஜர் இல்லை.

பரிந்துரை வரும்போது ‘வேறு தேர்வுகள்’ என்பதை அழுத்துங்கள். குறி இல்லாதது, தட்ட எளிதானது என்று கேட்டு வாங்கலாம். அது வழக்கமாகத் தருவதே ஆறாறு எழுத்தாக மூன்று கொத்து, நடுவே இரண்டு கோடு, மொத்தம் 20. தட்டச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான் அந்த அமைப்பு.

கேள்வி: பாஸ்வேர்டைத் தமிழ் எழுத்திலேயே வைத்துவிட்டால் திருடன் என்ன செய்வான்?

திருடனுக்கு முன்னால் நீங்கள் மாட்டுவீர்கள். ‘கொ’ என்பதைக் கணினி இரண்டு விதமாக எழுதிவைக்கும். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு விதம். கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கும் வேலையைத் தளம் செய்யாவிட்டால், ஒரு கீபோர்டில் வைத்த பாஸ்வேர்டு இன்னொன்றில் ‘தவறு’ ஆகிவிடும்.

போதாததற்கு, பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமிக்கப் பல தளங்கள் பயன்படுத்தும் பிகிரிப்ட் முறை முதல் 72 பைட்டை மட்டும்தான் பார்க்கும். தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், ஆக 24 குறியீட்டோடு சரி. ‘கொ’வுக்கே இரண்டு போய்விடும்.

நானும் ஒருமுறை ஆசைப்பட்டு முயன்றேன். 30 எழுத்துத் தமிழ் வாக்கியம் ஒன்றை ஒட்டினேன். ‘பாஸ்வேர்டில் குறைந்தது ஒரு எழுத்தாவது இருக்க வேண்டும்’ என்றது தளம்.