அக்கா மகளைக் கட்டிய குடும்பங்களின் வம்சாவளியை மெர்லினில் ஏற்றுவது எப்படி?

குப்பம் பக்கம் வீடு வீடாகப் போய் வம்சாவளி எழுதியிருக்கிறீர்கள். குடும்பங்களில் நோய் மரபணுவைத் தேடும் மென்பொருளான மெர்லினைக் கமாண்ட் லைனில் (கட்டளை தட்டச்சு செய்து) ஓட்டினால் உறவு முறை சரியாக வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் மென்பொருளில் இருக்காது, உங்கள் பெட் ஃபைலில்தான் (வம்சாவளியை எழுதும் கோப்பு) இருக்கும்.

ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி: குடும்ப எண், ஆள் எண், அப்பா, அம்மா, பால் (ஆண் 1, பெண் 2), நோய் நிலை (இல்லை 1, உண்டு 2). பெற்றோர் தெரியாதவருக்கு இரண்டு இடத்திலும் 0.

நம் பக்கத்துச் சிக்கல் தாய்மாமன் கல்யாணம். பாட்டி வீட்டில் "தம்பி" என்று 4 ஆக எழுதிய அதே ஆளை, பேத்தி வீட்டில் "புருஷன்" என்று 11 ஆக எழுதிவிடுகிறோம். அவ்வளவுதான், உறவு வளையம் (புருஷன், மனைவி இருவர் வழியும் ஒரே முன்னோரில் போய்ச் சேரும் தொடர்) அறுந்துவிடும். அந்தப் பிள்ளைகளின் உள்ளுறவுக் கெழு (பெற்றோர் இரத்த உறவானதால், ஒரே முன்னோரின் மரபணுப் பிரதி இரு பக்கமிருந்தும் வரும் வாய்ப்பு) 1/8 ஆக இருக்க வேண்டியது, 0 ஆகிவிடும். ஒடுங்கு மரபு நோயை (அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் கோளாறு மரபணு வந்தால்தான் வரும் நோய்) தேடும்போது இது முழுக் கணக்கையும் கெடுக்கும். ஆகவே ஒரு ஆளுக்கு ஒரே எண். ஊர்ப் பெயரையும் வீட்டுப் பெயரையும் வைத்துத் திரும்பக் கேட்டு உறுதி செய்யுங்கள். தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள்.

பிறகு பெட் ஃபைலைச் சோதிக்கும் துணை மென்பொருளான பெட்ஸ்டாட்ஸை ஓட்டுங்கள். விடுபட்ட பெற்றோர், பால் குழப்பம் எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருப்பதை அது பிடிக்காது.

மெர்லினுக்குக் குடும்ப அளவில் வரம்பு உண்டு. பெற்றோர் பதிவானவர்களை இரண்டால் பெருக்கி, பதிவாகாதவர்களைக் கழியுங்கள். தாத்தா, பாட்டி, அக்கா, அவள் புருஷன், தம்பி, அக்கா மகள், மூன்று பிள்ளைகள் என்றால், பெற்றோர் பதிவானவர் 6, பதிவாகாதவர் 3; 12−3 = 9. இயல்பு வரம்பு 24. தாண்டினால் குடும்பத்தைச் சிறு குடும்பங்களாகப் பிரித்து ஏற்றுங்கள், ஆனால் வளையத்தின் மீது கத்தி வைக்காதீர்கள்.