ஹுவா ஹின்னில் வில்லாவா, அடுக்குமாடி வீடா?

கேள்வி: எனக்கு வயது 58, மனைவிக்கு 47. ஓய்வுக்காலத்தைத் தாய்லாந்தின் ஹுவா ஹின் நகரில் கழிக்க நினைக்கிறோம். கையில் 1 கோடியே 20 லட்சம் ரூபாய் இருக்கிறது. தரகர் இரண்டு இடங்கள் காட்டினார். ஒன்று நிலத்தோடு கூடிய வில்லா. 'ஒரு கம்பெனி தொடங்கி 51 சதவீதப் பங்கை உள்ளூர்க்காரர்கள் பெயரில் வைத்தால் வாங்கிவிடலாம். இல்லையென்றால் 30+30+30 என்று 90 வருடக் குத்தகை' என்கிறார். இன்னொன்று அடுக்குமாடி வீடு. எது பாதுகாப்பு? வீடு வாங்கினால் விசா கிடைக்குமா? எனக்கு ஏதாவது ஆனால் மனைவியின் நிலை என்ன?

பதில்: வில்லாவை விட்டுவிடுங்கள். தாய்லாந்தின் 1954ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி வெளிநாட்டவர் நிலத்துக்கு உரிமையாளர் ஆக முடியாது. தரகர் சொல்லும் கம்பெனி வழிக்கு நம் ஊரில் ஒரே பெயர்தான்: பினாமி. பங்குதாரர்களாக வருபவர்களுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று நில அலுவலகம் கேட்கலாம். பினாமி என்று தெரிந்தால் நிலத்தை விற்றே ஆக வேண்டும். அதோடு 1999ஆம் ஆண்டு வெளிநாட்டவர் தொழில் சட்டத்தின் 36ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் பாத் (தாய்லாந்து நாணயம்) வரை அபராதம். இந்தியப் பக்கமும் சிக்கல்தான். தனிநபர் வெளிநாட்டுக் கம்பெனியில் நேரடி முதலீடு செய்ய வேண்டுமானால் அது உண்மையில் தொழில் நடத்தும் கம்பெனியாக இருக்க வேண்டும். வீடு வைத்துக்கொள்வதற்கென்றே தொடங்கும் காகிதக் கம்பெனிக்கு 2022ஆம் ஆண்டு வெளிநாட்டு முதலீட்டு விதிகளில் இடம் தேடுவது கடினம்.

90 வருடக் குத்தகை என்பதும் வாய்ப்பேச்சு. தாய்லாந்துச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 30 ஆண்டு. 3 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யாவிட்டால் 3 ஆண்டுக்கு மேல் செல்லாது. அடுத்த 30 ஆண்டைத் தருகிறேன் என்பது இன்றைய உரிமையாளர் தரும் வாக்கு, அவ்வளவுதான். அவர் நிலத்தை விற்றுவிட்டாலோ இறந்துவிட்டாலோ அந்த வாக்கை வைத்துப் புதியவரைக் கட்டாயப்படுத்துவது மிகக் கடினம்.

அடுக்குமாடி வீட்டை உங்கள் பெயரிலேயே முழு உரிமையோடு வாங்கலாம். ஒரு கட்டடத்தின் மொத்த வீட்டுப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, அந்த வரம்பில் இடம் இருக்கிறது என்று கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். விற்பவருக்குப் பராமரிப்புக் கட்டண பாக்கி இல்லை என்ற கடிதமும் வேண்டும். அது இல்லாமல் பத்திரம் மாறாது.

தனியாக வில்லங்கச் சான்று கேட்டு அலைய வேண்டாம். உரிமைப் பத்திரத்தின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். அடமானம், குத்தகை, முந்தைய கிரயம் எல்லாம் வரிசையாக அங்கேயே பதிவாகியிருக்கும். எல்லாம் தாய் எழுத்தில், பௌத்த ஆண்டில் இருக்கும். 2025 என்பது அங்கே 2568. விற்பவர் கையில் உள்ள பிரதியை நில அலுவலகத்தில் உள்ள பிரதியோடு உங்கள் வழக்கறிஞர் ஒப்பிட வேண்டும். அவர் தரகர் கூட்டிவரும் ஆளாக இருக்கக் கூடாது.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது பணம் அனுப்பும் இடத்தில். வெளிநாட்டவர் பெயருக்குப் பதிவு செய்ய, பணம் அந்நியச் செலாவணியாகத் தாய்லாந்துக்குள் வந்ததற்கு ஆதாரம் வேண்டும். ஆகவே இங்கிருந்து டாலராக அனுப்பி, அங்குள்ள வங்கியில் பாத்தாக மாற்றுங்கள். இங்கேயே பாத்தாக மாற்றி அனுப்பினால் அந்த ஆதாரம் கிடைக்காது. அனுப்பும் காரணம் என்ற இடத்தில் கட்டடத்தின் பெயர், வீட்டு எண், 'வாங்குவதற்காக' என்ற சொல் மூன்றும் இருக்கட்டும். 50,000 டாலரும் அதற்கு மேலும் வந்தால் அங்குள்ள வங்கி அந்நியச் செலாவணிப் பரிவர்த்தனைப் படிவம் தரும். பதிவு முடிந்த பிறகும் அதைப் பத்திரத்தோடு சேர்த்துப் பூட்டி வையுங்கள்; பின்னால் வீட்டை விற்றுப் பணத்தை வெளியே எடுக்கவும் அதுவே கைகொடுக்கும். நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: வங்கிக் கணக்கில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக. படிவத்தில் இருப்பதும் பாஸ்போர்ட்டில் இருப்பதும் வேறு வேறு என்றால் பதிவு நாளன்று இழுத்தடிப்பு. கணக்கின் பெயரை முன்கூட்டியே திருத்துங்கள்.

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்பல் திட்டத்தில் நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம்; வீடு வாங்குவதும் இதில் அடங்கும். ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரியாகப் பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் அது வரவாகும், மிச்சம் திரும்பி வரும். ஆனால் அதுவரை பணம் முடங்கும். 1 கோடி அனுப்பினால் 18 லட்சம் கூடுதலாகக் கணக்கில் இருக்க வேண்டும். உங்கள் கையிருப்புக்கு வீட்டை 70 லட்சத்துக்குள் முடிப்பதே புத்திசாலித்தனம். ஏன் என்பது விசாவுக்கு வரும்போது தெரியும். வருமான வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிப்பவர் என்ற நிலை தொடரும் ஆண்டுகளில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப மறக்காதீர்கள். மறைத்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம்.

அங்கேயே குடியேறிய பிறகு நீங்கள் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவர். அப்போது இந்தத் திட்டம் பொருந்தாது. சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் வசிப்போருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றி அதிலிருந்து அனுப்ப வேண்டும். வீட்டை முடித்துவிட்டுப் புறப்படுவது எளிது.

உங்கள் பட்ஜெட்டில் வீடு வாங்கியதற்காக மட்டும் விசா கிடைக்காது. ஓய்வுக்கால விசா தனிக் கதை: வயது 50 ஆகியிருக்க வேண்டும், அங்குள்ள வங்கியில் உங்கள் பெயரில் 8 லட்சம் பாத், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். வைப்புத்தொகை வழியில் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும்முன் 2 மாதம், கிடைத்த பின் 3 மாதம் முழுத்தொகையும் அப்படியே இருக்கவேண்டும். மற்ற நாளிலும் 4 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. இதற்கே 20 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். இருப்பிடத்தை 90 நாளுக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும். மறுநுழைவு அனுமதி எடுக்காமல் ஊருக்கு வந்தால் தங்கும் அனுமதி ரத்தாகிவிடும்.

மனைவிக்கு 50 ஆகவில்லை. உங்களைச் சார்ந்தவர் என்ற முறையில்தான் அவர் வர முடியும். அதற்குப் பதிவுத் திருமணச் சான்றிதழ் தேவை; கல்யாண மண்டபச் சீட்டு எடுபடாது. உங்கள் காலத்துக்குப் பின் அவருடைய தங்கும் அனுமதி சொந்தக் காலில் நிற்க வேண்டியிருக்கும். வீட்டை வாரிசாகப் பெறும் வெளிநாட்டவர், சட்டம் சொல்லும் தகுதிக்குள் வராவிட்டால், ஓராண்டுக்குள் விற்றுவிட வேண்டும். அதனால் முதலிலேயே இருவர் பெயரிலும் வாங்குங்கள். அவர் பங்குக்கான பணம் அவர் கணக்கிலிருந்தே போகட்டும். தாய்லாந்துச் சொத்துக்கு மட்டும் அங்கேயே தனி உயில் ஒன்றை எழுதி, இங்குள்ள உயிலில் அதை ரத்து செய்வதாக ஒரு வரியும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.