நத்தார் ஆராதனைக்குச் சிநேகிதரைக் கூப்பிடலாமா?

சுன்னாகத்திலிருந்து ஒரு ஆசிரியர் கேட்கிறார்: "என்னோடு படிப்பிக்கும் இருவர் எனக்கு நல்ல சிநேகிதர். ஒருவர் சைவர், கோயிலுக்குப் போவது நல்லூர்த் தேருக்கு மட்டும்தான். மற்றவர் வன்னியில் தமையனைப் பறிகொடுத்தவர்; கடவுள் பேச்சையே எடுக்க விடமாட்டார். என் விசுவாசம் என்னவென்று இவர்களுக்குக் கொஞ்சம் காட்ட ஆசை. நத்தார் ஆராதனைக்குக் கூப்பிட்டால், 'மதம் மாத்த வெளிக்கிட்டான்' என்று நினைப்பார்களோ?"

கூப்பிடலாம். அப்படி நினைக்கவும் செய்வார்கள். அதை அவமானமாக எடுக்காதீர்கள். அந்தச் சந்தேகத்துக்கு எங்கள் ஊரில் பழைய காரணங்கள் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் அரசாங்க உத்தியோகம் பார்ப்பதற்கு ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. பிறகு மிஷன் பள்ளிக்கூடங்கள் வந்தன. படிப்புக்கும் வேலைக்குமாகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது. எல்லாம் பொய்ப் பேச்சு என்று நாங்களும் சொல்ல முடியாது.

உங்கள் சைவச் சிநேகிதருக்கு ஆறுமுக நாவலரை நினைவுபடுத்துங்கள். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழில் பெயர்க்க உதவியவர் அவர். அதை வரிவரியாகப் படித்தவர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். பைபிளை வாசித்தாலே ஆள் மாறிவிடும் என்றால் முதலில் மாறியிருக்க வேண்டியவர் நாவலர்தான்! ஒரு கிறிஸ்தவன் வாயால் இதைக் கேட்டால் அவருக்குப் பாதிப் பயம் போய்விடும்.

நான் இளவயதில் விட்ட ஒரு பிழையைச் சொல்கிறேன். "பாட்டுக் கச்சேரி மாதிரி ஒன்று, வா" என்று கூட்டாளி ஒருவனைக் கூட்டிக்கொண்டு போனேன். பாட்டும் இருந்தது. அது முடிய, "இன்றைக்கு இரட்சிப்பை ஏற்கிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்று மேடையில் சொன்னார்கள். பக்கத்துக் கதிரையிலிருந்த ஒருவர் அவன் முழங்கையைப் பிடித்து எழுப்பினார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. எட்டு மாதம் எங்கள் படலைப் பக்கமே வரவில்லை.

ஆகவே எதற்குக் கூப்பிடுகிறீர்களோ, அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆராதனை எத்தனை மணிக்கு முடியும், பிரசங்கம் இருக்குமா என்பதெல்லாம். காணிக்கைப் பை வரும், ஒன்றும் போடத் தேவையில்லை. நற்கருணை (அப்பமும் திராட்சை ரசமும்) கொடுக்கும்போது எழும்பாமல் இருக்கலாம், அதை யாரும் குறையாக எடுக்கமாட்டார்கள். பின் வாங்கில் அவர்களோடு நீங்களும் இருங்கள். போதகரிடம் முதல்நாளே ஒரு சொல் சொல்லி வையுங்கள். "புதிதாக வந்தவர்கள் எழும்புங்கோ" என்ற அறிவிப்பு ஒன்றே போதும், அடுத்த முறை வரவே மாட்டார்கள். வெளியே வந்ததும் "எப்படி இருந்தது?" என்று துருவவும் வேண்டாம். தேத்தண்ணி குடிக்கும்போது அவர்களாகக் கதைத்தால் கதையுங்கள்.

இன்னொன்று. சிநேகிதர் பணக் கஷ்டத்தில் இருந்தால் உதவியை மட்டும் செய்யுங்கள், அந்த நேரத்தில் அழைக்காதீர்கள். கடன் வாங்கிய மனிதனால் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் நாத்தான்வேல் என்றொருவர் வருகிறார். நாசரேத்து இயேசுவைக் கண்டோம் என்று பிலிப்பு சொல்ல, நாசரேத்திலிருந்து நல்லது ஏதும் வருமா என்று நக்கலாகக் கேட்கிறார். பிலிப்பு வாதாடவில்லை, "வந்து பார்" என்கிறான், அவ்வளவுதான். ஆராதனை வேண்டாம் என்பவரிடம் மாற்கு சுவிசேஷத்தைக் கொடுக்கலாம். 16 அதிகாரம்தான், ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பழைய மொழிபெயர்ப்பின் நடை பழக்கமில்லாதவருக்குக் கரடுமுரடாக இருக்கும். 1995இல் வந்த திருவிவிலியம் வாசிக்கச் சுகம். வாசித்துவிட்டு அவர் கேள்வி கேட்டால் சந்தோஷப்படுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள்.

தமையனை இழந்தவருடைய விஷயம் வேறு. அவரை இந்த நத்தாருக்குக் கூப்பிட வேண்டாம் என்பதே என் எண்ணம். "எல்லாம் தேவ சித்தம்" என்ற வசனத்தை அவர் காதில் போட்டுவிடாதீர்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஏற்கனவே ஏதோ ஒரு விதத்தில் அதைச் சொல்லியிருப்பார்கள். தமையனைப் பற்றிக் கேளுங்கள்: என்ன படித்தான், என்ன விளையாடினான் என்று. என்றைக்காவது அவராகவே "உன்ர கடவுள் அப்ப எங்க இருந்தவர்?" என்று கேட்டால், 88ஆம் சங்கீதத்தைக் காட்டலாம். முழுக்கக் கடவுளிடம் முறையிட்டுவிட்டு, ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல் முடிகிற பாட்டு அது. இப்படியொரு பாட்டையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களா என்று வியந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இருவரும் மாட்டோம் என்றாலும் சரி. அடுத்த நாள் ஆசிரியர் அறையில் வழக்கம்போலச் சேர்ந்து இருங்கள். அவர்கள் பொங்கலுக்குக் கூப்பிட்டால் போங்கள். நத்தார் கேக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். அதில் முட்டையும் பிராந்தியும் இருக்கிறது என்று முதலே சொல்லிவிட்டு.