வருகிறவர்கள் ஏன் தங்குவதில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் இரண்டு நண்பர்களும் யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு சிறிய திறந்த மூல மென்பொருளைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறோம். புதியவர்கள் ஆர்வத்தோடு வந்து, "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்கள். பிழைப் பட்டியலைக் காட்டுகிறோம். பிறகு ஆளைக் காணோம். இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பொறுமையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பட்டியலில் எது அரை மணி நேர வேலை, எது மாதக்கணக்கில் இழுக்கும் என்பது உங்களுக்குப் பார்த்ததுமே தெரியும். வந்தவருக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். அங்கேதான் அவரை இழக்கிறீர்கள்.

லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளை உருவாக்குகிறவர்கள் செய்ததைப் பாருங்கள். 2010 செப்டம்பரில் ஓபன் ஆபிஸ் என்ற பழைய மென்பொருளிலிருந்து அது பிரிந்தபோது கையில் இருந்தது பல லட்சம் வரி நிரல். அந்த நிரல் ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தில் தொடங்கியது என்பதால் அதற்குள் இருந்த விளக்கக் குறிப்புகளில் ஏராளமானவை ஜெர்மன் மொழியில் இருந்தன. புதியவர்களுக்கென்று 'ஈஸி ஹேக்ஸ்' (எளிய வேலைகள்) என்றொரு பட்டியல் போட்டார்கள். அந்தக் குறிப்புகளை ஆங்கிலத்துக்கு மாற்றுவது அதில் ஒரு வேலை. எங்கிருந்தும் அழைக்கப்படாத பழைய ஃபங்ஷன்களை, அதாவது நிரலின் சிறு பகுதிகளை, நீக்குவது இன்னொன்று. குறிப்பை மொழிபெயர்க்க சி++ நிரல் மொழியைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டியதில்லை, ஜெர்மன் தெரிந்தால் போதும். ஆனால் அதைச் செய்து முடிப்பவர் நிரலை இறக்கி, பில்ட் செய்து (இயங்கும் மென்பொருளாக மாற்றி), தன் திருத்தத்தை பேட்ச் ஆக அனுப்பி, மூத்தவர்களின் பரிசீலனையையும் கடந்திருப்பார். மொத்தப் பாதையும் பழகிவிடும். வேலையும் ஒப்புக்குக் கொடுத்ததல்ல. அடுத்து அந்தக் கோப்பைத் திறக்கும் எல்லோருக்கும் பயன்படுவது.

இதில் நான் பெரிதும் மதிப்பது ஒன்று உண்டு. எந்தக் கோப்பில் பார்க்க வேண்டும், என்ன தெரிந்திருக்க வேண்டும், வேலை எவ்வளவு கடினம் என்பதை ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். பல நேரங்களில் பிழையைத் தானே சரிசெய்வதைவிட இதற்கு அதிக நேரம் பிடிக்கும். கை பரபரக்கும். இருந்தாலும் சில எளிய பிழைகளைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும் என்றே சொல்வேன்.

பில்ட் செய்வது அடுத்த தடை. ஃபயர்பாக்ஸ் உலாவியின் முகப்பை மட்டும் மாற்ற விரும்புகிறவர் சி++ பகுதிகளைக் கம்பைல் செய்ய, அதாவது கணினி இயக்கும் வடிவுக்கு மாற்ற, தேவையில்லை. ஏற்கெனவே கம்பைல் செய்தவற்றை, அந்த உலாவியை உருவாக்கும் மொசில்லாவே இறக்கித் தருகிறது. உங்களால் அவ்வளவு முடியாமல் போகலாம். ஆனால் எதுவும் நிறுவாத ஒரு கணினியில் உங்கள் வழிகாட்டியை வரி வரியாகப் பின்பற்றிப் பார்க்க உங்களால் முடியும். எங்கே சிக்குகிறீர்களோ அங்கேதான் பலர் சத்தமில்லாமல் திரும்பிப் போயிருப்பார்கள்.

முதல் பேட்ச் வந்தால் ஓரிரு நாளில் பதில் எழுதுங்கள். முழுப் பரிசீலனைக்கு நேரமில்லை என்றால், "கிடைத்தது, இந்த வார இறுதியில் பார்க்கிறேன்" என்று ஒரு வரி போதும். சொன்னபடி பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்